கொடுத்தவரும் பெற்றவரும்

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு குணம் உண்டு. வேளச்சேரி சாலையில் ஓடுகிற பஸ்களின் இரைச்சல் நாள் முழுவதும் வந்துகொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரையில் மட்டும் சற்று அடங்கும். அந்த இரண்டு மணி நேரத்தை நான் எழுதுவதற்கென்று ஒதுக்கி வைத்திருப்பதாக வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு நான் தூங்குவது எனக்கு மட்டுமே தெரியும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பிள்ளை வந்து கதவைத் தட்டினான். நல்ல பிள்ளை. சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சொந்த ஊர் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கையில் ஒரு கத்தைக் காகிதம் வைத்திருந்தான்.

"சார், ஒரு உதவி. நீங்க நினைச்சா ஒரு மணி நேரத்துல முடியும்" என்றான்.

எழுத்தாளன் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருமே இப்படித்தான் தொடங்குவார்கள். கல்யாணப் பத்திரிகையில் வாசகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைநீர்க் கால்வாய் அடைத்துக்கொண்டதைப் பற்றி ஒரு மனு எழுத வேண்டும். இந்தக் கால்வாய் மனுவை, எங்கள் பகுதி செம்பாக்கம் நகராட்சியில் இருந்தபோதும் எழுதியிருக்கிறேன். 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆன பிறகும் எழுதியிருக்கிறேன். பெறுநர் முகவரி ஒன்றுதான் மாறிற்று. ஆகையால் இதுவும் அந்த ஜாதியைச் சேர்ந்த உதவிதான் என்று எண்ணிக் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன்.

நானூறு வரிகளுக்கு மேல் இருந்தன. எல்லாம் ஆங்கிலம். ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு வரி காலியாக விட்டிருந்தது. முதல் வரி, ‘திறக்க முடியவில்லை’ என்று பொருள்படும் ஒரு வாக்கியம். எதைத் திறக்க முடியவில்லை, யாரால் முடியவில்லை என்று இல்லை. அடுத்தது ‘மே’ என்று ஒரே ஒரு சொல். அதற்கடுத்து, ‘நிச்சயமாகவா?’ பிறகு ‘மூடு’. ஒரு வீட்டுச் சண்டையைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து ஒட்டுக்கேட்டது போல இருந்தது.

"என்ன தம்பி இது, நாடகமா?"

"புரோகிராம் சார். புரோகிராமுக்குள்ள இருக்கிற பேச்சை மட்டும் பிரிச்சு எடுத்தது."

இந்தப் பதில்தான் என் தூக்கத்தைக் கலைத்தது. அவன் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து திறந்து காட்டினான். ஒரு புரோகிராம் எப்படி இருக்கும் என்பதை நான் அதுவரையில் கண்ணால் பார்த்ததில்லை. அடைப்புக்குறிகளும் சமக்குறிகளுமாக, ஓரம் வெட்டிய படிக்கட்டு மாதிரி வரிகள் உள்ளே தள்ளித் தள்ளிப் போயிருந்தன. நடுநடுவே மேற்கோள் குறிகளுக்குள் ஆங்கில வாக்கியங்கள் அகப்பட்டுக்கொண்டிருந்தன.

"மேற்கோளுக்குள்ள இருக்கிறதெல்லாம் பேச்சு சார். ஆனா எல்லாமே மனுஷங்ககிட்டப் பேசுற பேச்சு இல்ல. சிலது மெஷின்கிட்டப் பேசுறது. ஒரு ஃபைலோட பேரு, ஒரு கட்டளை. அதைத் தமிழாக்கினா எல்லாம் நின்னுபோயிடும். மனுஷங்ககிட்டப் பேசுறதை மட்டும் தமிழாக்கணும். எது எதுங்கிறது மெஷினுக்குத் தெரியாது. எழுதினவன்தான் அடையாளம் போட்டு வைக்கணும்."

அந்த அடையாளம் மிக எளியதாக இருந்தது. மனிதனுக்கான ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஓர் அடிக்கோடு, அப்புறம் அடைப்புக்குறி. அவ்வளவே. அடிக்கோடு போட மறந்தால் அந்த வாக்கியம் பட்டியலில் வராது. மொழிபெயர்ப்பவன் கண்ணில் படாமலே ஆங்கிலமாய் நின்றுவிடும். நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம் அல்லவா, முழுவதும் தமிழில் இருக்கிற ஒரு திரையில் திடீரென்று ஒரு மூலையில் மட்டும் இங்கிலீஷ் தலைகாட்டுவதை? மொழிபெயர்ப்பாளனின் சோம்பல் என்று நான் நினைத்திருந்தேன். பல சமயம், அடிக்கோட்டைப் போடாமல் விட்டவன் வேறொருவன்.

அடிக்கோடு போட்டாயிற்று என்றால் ‘எக்ஸ்கெட்டெக்ஸ்ட்’ என்று ஒரு கருவி இருக்கிறது. அது புரோகிராம் முழுவதையும் மேய்ந்து, குறியிட்ட வாக்கியங்களை மட்டும் பொறுக்கி ஒரு பட்டியலில் போடும். அந்தப் பட்டியலின் பெயர் பீ-ஓ-டீ என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களில் முடியும். சேர்த்துப் படித்தால் ‘பாட்’, அதாவது சட்டி. ஏதோ ஒரு நீண்ட பெயரின் சுருக்கம் என்று அவன் சொன்னான். எனக்கு அது சட்டியாகவே மனத்தில் நின்றுவிட்டது. சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்?

அந்தச் சட்டியைத்தான் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான். காலி வரிகளில் நான் தமிழை எழுதிக் கொடுத்தால் அவன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வான். புரோகிராம் ஓடும்போது, ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லுமுன் தமிழ்ப் பட்டியலைப் புரட்டிப் பார்க்கும். இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் பழைய ஆங்கிலமே. புரோகிராமை யாரும் தொட வேண்டியதில்லை.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். இந்த ஏற்பாடு இல்லாத காலத்தில் ஒரு புரோகிராமைத் தமிழாக்க வேண்டுமென்றால் அதன் வயிற்றைக் கிழித்து ஒவ்வொரு வாக்கியமாக மாற்றவேண்டும். மொழிக்கு ஒரு நகல். மூலத்தில் ஒரு பிழையைத் திருத்தினால் அத்தனை நகல்களும் பழசாகிவிடும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியார் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தப் புது வழியைக் கையாண்டார்கள். பிறகு 1995இல் உல்ரிச் டிரெப்பர் என்ற ஜெர்மானியர், க்னூ திட்டத்துக்காக யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி ‘கெட்டெக்ஸ்ட்’ என்ற பெயரில் இதைச் செய்து கொடுத்தார். அது முதல் உலகத்தில் எத்தனையோ சின்ன மொழிக்காரர்கள், யாருடைய தயவையும் எதிர்பாராமல், தங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு இந்தக் காலி வரிகளை நிரப்பி வருகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் 2000த்தை ஒட்டிய ஆண்டுகளிலேயே லினக்ஸில் இந்த வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். ‘கோப்பு’, ‘சேமி’, ‘திருத்து’ என்று இன்று நாம் சாதாரணமாகப் படிக்கிற சொற்களைத் திரைக்குக் கொண்டுவந்து பழக்கியதில் கூலி வாங்காத அந்தப் பிள்ளைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதற்கெல்லாம் வெகுதூரம் போக வேண்டாம் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊரிலிருந்து தாம்பரம் போய் இரண்டு ஸ்டேஷன் தாண்டினால் குரோம்பேட்டை. அங்கே இருக்கிறது எம்.ஐ.டி. ராஜம் என்ற பெரியவர் தன் சொந்த வீட்டை விற்று 1949இல் தொடங்கிய கல்லூரி. அப்துல் கலாம் படித்தார் என்று எல்லோருக்கும் தெரியும். சுஜாதா படித்தார் என்பதில் எங்களைப் போன்ற கதைக்காரர்களுக்குத் தனிப் பெருமை. அந்த வளாகத்தில் இருக்கும் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையத்தில்தான், 2005இல், கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் ஏற்பட்டது. சென்னை சி-டாக் நிறுவனமும் அதில் பங்கு. இந்திய மொழிகளில் பேசக்கூடிய ‘பாஸ்’ என்ற லினக்ஸை சி-டாக் 2007இல் வெளியிட்டது. நம் பிள்ளை கல்லூரியில் படிக்கும்போது குரோம்பேட்டையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்த்தான் இந்த அடிக்கோட்டு வித்தையைக் கற்றுக்கொண்டானாம்.

"இது எதுக்கான புரோகிராம்?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கொஞ்சம் கர்வம். பதினைந்து நாவல் எழுதியவனுக்கு ‘திற’, ‘மூடு’ எழுதத் தெரியாதா என்று எண்ணம். நான்கு இரவுகள் உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிட்டேன்.

அவன் படித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தான். ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்று தனியாக ஒரு சொல் இருந்தது. நான் ‘மிகச் சிறப்பு’ என்று எழுதியிருந்தேன். அது கடன் கணக்கு. ‘நிலுவை’ என்று வர வேண்டியது. அவனுடைய அம்மா மகளிர் சுய உதவிக் குழு ஒன்றில் இருக்கிறாள். அந்தக் குழுவின் சேமிப்பு, உள்கடன், தவணை எல்லாவற்றையும் எழுதி வைக்க அவன் செய்த புரோகிராம் அது. என் தமிழை அப்படியே ஏற்றியிருந்தால், யார் அதிகமாகப் பாக்கி வைத்திருக்கிறார்களோ அவர்கள் பெயருக்கு நேரே ‘மிகச் சிறப்பு’ என்று வந்திருக்கும்.

‘ஓப்பன்’ என்ற சொல்லிலும் வழுக்கினேன். அதில் என் குற்றம் பாதிதான். கெட்டெக்ஸ்டின் பழக்கம் என்னவென்றால், ஒரே வாசகம் புரோகிராமில் எத்தனை இடத்தில் வந்தாலும் பட்டியலில் ஒரு தடவைதான் சேர்க்கும். ஒரு ‘ஓப்பன்’, கணக்கைத் திறப்பதற்கான பொத்தான். இன்னொரு ‘ஓப்பன்’, இன்னும் தீராத கடனின் நிலை. இரண்டுக்கும் சேர்த்து நான் ‘திற’ என்று எழுதிவிட்டதால் ‘கடன் நிலை: திற’ என்று வந்தது. ஆங்கிலத்தில் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிற இரண்டு பேர் தமிழுக்கு வந்தால் தனித்தனியாக உடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. புரோகிராமில் அந்த இரண்டுக்கும் தனித்தனியே சூழலைக் குறித்து வைத்தால் பட்டியலில் இரண்டாகப் பிரிந்து வரும் என்றான், அப்படியே செய்தான்.

எனக்கு உண்மையாகவே சுவாரசியம் தட்டியது வேறோர் இடத்தில். ‘டிலீட்’, ‘என்டர் யுவர் நேம்’ என்று இரண்டு வாசகங்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஏவல்தான். ஆனால் முதலாவது பொத்தானின் மேல் இருப்பது. மனிதன் இயந்திரத்துக்கு இடும் கட்டளை. இரண்டாவது இயந்திரம் மனிதனிடம் கேட்பது. மனிதன் இயந்திரத்தைப் பார்த்து ‘நீக்கு’ என்று ஒருமையில் சொல்லலாம், அது கோபித்துக்கொள்ளாது. இயந்திரம் ஐம்பது வயது அம்மாளைப் பார்த்து ‘உன் பெயரை எழுது’ என்று சொல்லலாமா? ‘உங்கள் பெயரை எழுதுங்கள்’ என்றல்லவா சொல்ல வேண்டும்? நம்மில் ஒருவரோடு ஒருவர் பேசினால் யார் பெரியவர், யார் சின்னவர் என்பது வினைமுற்றிலேயே தெரிந்துவிடும். இந்தச் சட்டிக்குள் விழுந்த வாக்கியங்களிலோ பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்ற சுவடே இல்லை. ஒரு நாடகத்தின் கையெழுத்துப் பிரதியில் பாத்திரங்களின் பெயர்களையெல்லாம் அழித்துவிட்டு வசனத்தை மட்டும் கொடுத்து, ‘தமிழில் எழுதித் தாருங்கள்’ என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

வேற்றுமை உருபு இன்னொரு தொல்லை. பல வாக்கியங்களில் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. சதவீதக் குறியும் ‘எஸ்’ என்ற ஆங்கில எழுத்துமாக எழுதியிருக்கும். புரோகிராம் ஓடும்போது யாருடைய பெயராவது, ஏதாவது தொகையாவது அதில் வந்து உட்காரும். ஆங்கிலத்தில் பெயர் மாறாது, பள்ளத்தில் பொருந்திவிடும். தமிழில் பெயரோடு உருபு ஒட்டும். ஒட்டும்போது பெயரே உருமாறும். வள்ளி ‘வள்ளியை’ ஆவாள், செல்வம் ‘செல்வத்தை’ ஆவான். வரப்போகிறவர் வள்ளியா செல்வமா என்று தெரியாமல் பள்ளத்துக்குப் பக்கத்தில் எந்த உருபை நட்டு வைப்பது? இதற்குப் பிள்ளைகள் ஒரு நல்ல உபாயம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ‘இன்னார் என்ற உறுப்பினரை நீக்கவா?’ என்று எழுதிவிட்டால் உருபு ‘உறுப்பினர்’ மேல் போய் விழுந்துவிடும். பெயர் முழுசாக நிற்கும். இலக்கணம் தெரிந்தவன் கண்டுபிடித்ததா, அகப்படாமல் தப்ப வேண்டும் என்று தவித்தவன் கண்டுபிடித்ததா என்று சொல்ல முடியாத உபாயம்!

இப்படியெல்லாம் பேசிப் பேசி, திருத்தித் திருத்தி, தமிழ்ப் பட்டியல் ஊருக்குப் போயிற்று. குழுவில் பன்னிரண்டாவது படித்த ஒரு பெண் தட்டச்சு செய்தாள். மற்றவர்கள் திரையைப் பார்த்தார்கள். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின இந்த மகளிர் குழுக்களுக்கு ஆதாரமே நோட்டுத்தான். தீர்மான நோட்டு, வரவு செலவு நோட்டு, பாஸ் புத்தகம். வாரா வாரம் உட்கார்ந்து எல்லோர் முன்னிலையிலும் பணத்தை எண்ணி, எழுதி, படித்துக் காட்ட வேண்டும். ‘நம்ம கணக்கைப் பொட்டி தமிழ்ல சொல்லுது’ என்று அவர்களுக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம். என் நாவலைப் படிக்காத இருபது பெண்கள் என் தமிழைப் படிக்கிறார்கள் என்று வீட்டில் இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டேன்.

ஐந்து மாதம் சென்று ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். முகம் நன்றாயில்லை. ஊரில் சண்டை.

அரையாண்டு அறிக்கை என்று ஒன்றை அந்த வாரம்தான் முதல் தடவையாக அச்சடித்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே, எந்தத் தேதியில் என்ன பணம் கைமாறிற்று என்று ஒவ்வொரு வாக்கியமாக வரும். கூட்டத்தில் அந்தப் பெண் அதை உரக்கப் படித்தாள். ஓர் அம்மாள், புருஷன் இல்லை, மாடு வாங்கக் குழுவில் கடன் வாங்கி, வாரம் ஐந்நூறு ரூபாய் வீதம் ஒரு வாரம் தப்பாமல் கட்டிக்கொண்டு வந்தவள். அவள் பெயருக்கு வந்ததும், அவள் ஊக்குநரிடமிருந்து ஐந்நூறு ரூபாய் பெற்றார், மறுவாரமும் பெற்றார், அதற்கு மறுவாரமும் பெற்றார் என்று வரிசையாகப் பத்து வரி. மற்றவர்கள் பெயரில் ஒன்றிரண்டு வரிகள், யாரும் கவனிக்கவில்லை. பத்து வரியைக் கேட்டதும் கூட்டத்தில் பேச்சு எழுந்துவிட்டது. ஊக்குநரும் இவளும் ஒரே தெரு. குழுப் பணத்தை இரண்டு பேருமாகக் கமுக்கமாகச் சுழற்றுகிறார்கள் என்று ஒருத்தி சொல்ல, அது ஊரில் பரவிவிட்டது. ஊக்குநர் அழுதுகொண்டு பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்கிறாள்.

"கணக்கு தப்பா?" என்றேன்.

"ரெண்டு நாளா அதைத்தான் பார்க்கிறேன் சார். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியா இருக்கு. அவங்க நிலுவை வாரா வாரம் சரியாக் குறைஞ்சிருக்கு."

நானும் அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். வாக்கியம் அழகாக இருந்தது. அதைப் பார்த்ததுமே வயிற்றில் ஏதோ புரண்டது. ஏனென்றால் அது எனக்கு ஞாபகம் இருந்தது.

ஆங்கிலத்தில் அது, ‘ரிசீவ்டு ஃப்ரம்’ ஒரு பள்ளம், ‘பை’ ஒரு பள்ளம். இன்னாரிடமிருந்து இன்னாரால் பெறப்பட்டது. இந்தப் ‘பெறப்பட்டது’, ‘செய்யப்பட்டது’ என்கிற மொழிபெயர்ப்புத் தமிழைக் கண்டால் எனக்கு ஆகாது. இருபது வருஷமாக மேடையில் திட்டி வந்திருக்கிறேன். எழுவாயை முன்னால் கொண்டுவந்து, ‘இன்னார், இன்னாரிடமிருந்து பெற்றார்’ என்று எழுதினேன். நல்ல தமிழ். ஆனால் பள்ளங்களுக்குப் பெயர் இல்லை, எண் இல்லை. இரண்டும் வெறும் ‘சதவீத எஸ்’. புரோகிராம் வரிசைப்படி முதலில் கொடுத்தவர் பெயரைக் கொண்டுவந்து போடும், அடுத்து பெற்றவர் பெயரை. அது என்ன கண்டது, நான் எழுவாயை இடம் மாற்றியதை? கொடுத்தவளை முதல் பள்ளத்தில் உட்கார வைத்தது. அங்கே என் இலக்கணம் அவளுக்குப் ‘பெற்றார்’ பட்டம் கட்டிவிட்டது. ‘தெய்வானையிடமிருந்து வள்ளியால் பெறப்பட்டது’ என்ற வாக்கியம், ‘தெய்வானை, வள்ளியிடமிருந்து பெற்றார்’ என்று ஆகிவிட்டது.

‘தெய்வானையிடமிருந்து வள்ளி பெற்றார்’ என்று எழுதியிருந்தால் ஒரு குறையும் வந்திராது. அதுவும் நல்ல தமிழ்தான். ஆங்கிலத்தில் சொல்லை இடம் மாற்றினால் பொருள் மாறிவிடும். தமிழில் உருபு பார்த்துக்கொள்ளும் என்று முன்பின்னாக எழுதிப் பழகிய கை. அந்தச் சுதந்திரம் இப்படிக் காலை வாரும் என்று எண்ணவில்லை.

"பட்டியலைச் சரிபார்க்க ஒரு கருவி இருக்குன்னு சொன்னியே தம்பி, அது பிடிக்கலையா?"

"பிடிக்காது சார். பள்ளம் ரெண்டு, தமிழ்லயும் ரெண்டு. ரெண்டும் ஒரே ஜாதி. அதுக்கு அது சரிதான்." சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவன் சொன்னான்: "ஆனா, பிரிச்சு எடுக்கும்போதே எனக்கு எச்சரிக்கை வந்துது சார். பைத்தான்ல எழுதினா வரும். பெயரில்லாத பள்ளம் ரெண்டு இருக்கு, மொழிபெயர்க்கிறவங்க இடம் மாத்த முடியாது, பெயர் வைன்னு எக்ஸ்கெட்டெக்ஸ்ட் சொல்லிச்சு. நாந்தான் சின்ன விஷயம்னு விட்டுட்டேன்."

குற்றத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வந்த அந்த நல்ல மனசு எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது. அன்று இரவே உட்கார்ந்து இரண்டு பள்ளங்களுக்கும் பெயர் வைத்தான். ஒன்றுக்குக் ‘கொடுத்தவர்’, மற்றதற்குப் ‘பெற்றவர்’. இனிமேல் எவன் எங்கே தூக்கி வைத்தாலும் அவரவர் பெயர் அவரவர் இடத்தில் போய் உட்காரும். புரோகிராமில் அந்த வரிக்கு மேலே, ‘மொழிபெயர்ப்பவர்களுக்கு’ என்று தொடங்கி ஒரு குறிப்பும் எழுதினான்: உறுப்பினர் தவணை கட்டும்போது அறிக்கையில் வருவது, ஊக்குநர் குழுவின் சார்பில் வாங்குகிறார் என்று. அப்படிக் குறிப்பு எழுதி வைத்தால், சொல்லிவிட்டால் போதும், எக்ஸ்கெட்டெக்ஸ்ட் அதையும் வாக்கியத்தோடு சேர்த்துச் சட்டியில் போடுமாம். இவ்வளவு நாளும் அந்த வசதி இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினோம். நீங்கள் வர வேண்டாம் என்றுதான் அவன் சொன்னான். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. பெண்கள் கூடியிருந்தார்கள். ஊக்குநர் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் அவளிடமிருந்து வெகுதூரம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். சேர்ந்து உட்கார்ந்தால் அதற்கும் பேச்சு வருமே! பிள்ளை எழுந்து, புரோகிராமில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது, பணக் கணக்கில் தவறு இல்லை, வாசகத்தில்தான் தவறு என்று விளக்கினான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணக்குச் சரியாகவும் பேச்சுத் தப்பாகவும் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. நியாயமான சந்தேகம்.

அந்த அம்மாள் எழுந்து நின்றாள்.

"நான் குடுத்த பணத்த நானே வாங்கினதா எழுதியிருக்குது. கேட்டா மெஷினு எழுதிச்சுங்கிறாங்க. மெஷினுக்கு எம் மேல என்ன பகை?"

கொட்டகையில் பதில் இல்லை.

"மெஷின் எழுதலைம்மா. நான் எழுதினேன்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. "நீங்க எதுக்குய்யா அப்படி எழுதுனீங்க?" என்று கேட்டாள்.

‘காதுக்கு நன்றாக இருந்தது’ என்பதுதான் உண்மையான பதில். அதை எப்படிச் சொல்லுவது? தெரியாமல் எழுதிவிட்டேன் என்றேன். அவள் இன்னும் ஏதோ எதிர்பார்த்தாற்போல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "சரி, இப்பப் படிங்க" என்றாள்.

புதிதாக அச்சடித்துக் கொண்டு போயிருந்த அறிக்கையை நான் படித்தேன். பத்து வரியையும் படிக்கச் சொன்னாள். படித்து முடித்ததும், பேச்சைக் கிளப்பினவள் காதில் விழட்டும் என்று மறுபடியும் படிக்கச் சொன்னாள். பிறகு அவரவர் தங்கள் பெயருக்கும் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். இருபது பேருக்கும் படித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஊக்குநர் எழுந்து போய் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தாள்.

நாங்கள் புறப்படும்போது அந்த அம்மாள் தன் பாஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "அச்சு இருக்கட்டும். இதுல உங்க கையால எழுதிக் குடுங்க" என்றாள். மடியில் வைத்துக்கொண்டு, அவள் பெயரையும் ஊக்குநர் பெயரையும் கேட்டு, ஐயாயிரம் ரூபாயை இவரிடமிருந்து இவர் பெற்றார் என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அவள் அதை வாங்கி மூடவில்லை. கோயில் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். அந்தப் பெண் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தது. ‘பெற்றார்’ என்ற இடம் வந்ததும் அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"யாரு?" என்று கேட்டாள்.

சிறுமி ஒரு தரம் பின்னால் போய்ப் படித்துப் பார்த்துவிட்டு, ஊக்குநரின் பெயரைச் சொல்லிற்று.